பேருந்தும் தண்ணீர்த் தொட்டியும் வண்ணக் கண்ணாடியில்: வாசகர் கேள்வி - பதில்

பேருந்து, ரயில், மின்கம்பம், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி என்று நாம் நாள்தோறும் கண்டும் காணாமல் கடந்துபோகும் பொருள்களை வண்ணக் கண்ணாடியில் சிற்பமாக வடிக்கும் கலையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்த குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பிறருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி: வண்ணக் கண்ணாடி என்றவுடன் தேவாலயச் சன்னல்தான் நினைவுக்கு வருகிறது. வழிபாட்டுக்கு உரிய ஒரு கலையைப் பேருந்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இறக்கிக் கொண்டுவருவது பொருத்தமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: தங்கள் தயக்கம் புரிகிறது, ஐயா. ஆயினும் தேவாலயச் சன்னல்களே அன்றாட உழைப்பை ஒதுக்கி வைத்ததில்லை. பிரான்சு நாட்டின் சார்த்ர் நகரப் பேராலயத்தில் 13ஆம் நூற்றாண்டில் அமைந்த சன்னல்களில், விவிலியக் கதைகளோடு சேர்ந்தே ரொட்டி சுடுகிறவரும், செருப்புத் தைக்கிறவரும், தச்சரும், வண்டிச் சக்கரம் செய்கிறவரும் தத்தம் வேலையில் ஈடுபட்டிருப்பதை இன்றும் காணலாம். சக்கரம் செய்கிறவருக்கு அன்று அந்தச் சன்னலில் இடம் கிடைத்திருக்கும்போது, பேருந்துக்கு இன்று இடம் தருவதில் பிழை ஏதுமில்லை.

நம் மாவட்டத்திலேயே வழிபாட்டோடு தொடர்பில்லாத ஒரு முன்னோடி இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனையின் மந்திரசாலையில் சன்னல்களுக்கு வண்ண மைக்காத் தகடுகள் பொருத்தியிருக்கிறார்கள். வெயிலின் கடுமையையும் தூசியையும் தடுத்து, ஒளியை மட்டும் நிறமேற்றி உள்ளே விடுவதற்கான ஏற்பாடு அது. அந்த அறை அரசர் அமைச்சர்களோடு கலந்தாலோசித்த இடம். ஓட்டுக் கூரையின் நடுவே ஒரு கண்ணாடி ஓட்டைப் பதித்து அடுக்களைக்கு வெளிச்சம் இறக்கிய நம் வீடுகளையும் நான் இந்த வரிசையிலேயே சேர்ப்பேன்.

போக்குவரத்து நிலையங்களுக்கு வண்ணக் கண்ணாடி வந்ததும் நேற்று இன்று நடந்ததன்று. மும்பையில் 1888இல் கட்டி முடிக்கப்பட்டு இன்று சத்திரபதி சிவாஜி மகாராஜ் முனையம் என்று அழைக்கப்படும் ரயில் நிலையத்தில் அது இருக்கிறது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் சாம்ப் தெ மார்ஸ் என்னும் சுரங்க ரயில் நிலையத்துக்கு மார்செல் ஃபெரோன் என்ற பெண் ஓவியர் 1968இல் செய்தளித்த பெருஞ்சுவரில் உருவங்களே இல்லை. நிறங்கள் மட்டும் நிலையத்துக்குள் விழுந்து பயணிகளின் உடைகளில் படர்கின்றன. நியூயார்க்கின் வெஸ்ட்செஸ்டர் ஸ்கொயர் நிலையத்தில், ஓவியர் ரோமேர் பியர்டன் வடிவமைத்த கண்ணாடிப் பலகைகள் அவர் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின், 1993இல் நிறுவப்பட்டன. தைவானின் காவோசியுங் நகரத்து ஃபார்மோசா பூல்வார்டு நிலையத்தின் கூரையில், நார்சிசஸ் குவாலியாட்டா 30 மீட்டர் விட்டத்தில் சுமார் 4,500 கண்ணாடிப் பலகைகளைக் கொண்டு ஓர் ஒளிக்கூரையை அமைத்திருக்கிறார். அந்த நிலையம் 2008இல் திறக்கப்பட்டது.

இவையெல்லாம் நிலையத்தை அழகுபடுத்தும் கண்ணாடி. உட்கட்டமைப்பே சிற்பமாவதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் டாம் ஃப்ரூயின் 2012இல் நிறுவிய தண்ணீர்த் தொட்டி. அந்நகரத்து மாடிகளில் எங்கு பார்த்தாலும் நிற்கும் மரத்தொட்டியின் அதே வடிவத்தை, ஏறத்தாழ ஆயிரம் பழைய வண்ணத் துண்டுகளை உலோகச் சட்டத்தில் இணைத்து அவர் எழுப்பினார். அவர் பயன்படுத்தியது பிளெக்சிகிளாஸ் என்னும் அக்ரிலிக் தகடுதான். எனினும் சட்டம், துண்டு, ஊடுருவும் ஒளி என்ற இலக்கணம் முழுவதும் வண்ணக் கண்ணாடியினுடையது. அதைப் பார்த்த ஒருவர் பிறகு தம் வீட்டு மாடித் தொட்டியையும் ஒரு கணம் நின்று பார்ப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்தக் கலையிடம் நான் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

கேள்வி: ஓவியம் பயிலும் மாணவி நான். ஊருக்குப் போய்வரும் அரசுப் பேருந்தைக் கண்ணாடியில் செய்ய விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்க வேண்டும்?
- கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்

பதில்: நிறத்தை மறந்துவிட்டுக் கோட்டிலிருந்து தொடங்குங்கள். வண்ணக் கண்ணாடியில் ஒரு துண்டு அடுத்த துண்டோடு சேரும் இடத்தில் ஈயக் கோடு விழுந்தே தீரும். அதை மறைக்க வழியில்லை. முகத்தையோ மேகத்தையோ செய்கிறவர் அந்தக் கோட்டுக்கு ஒரு காரணம் தேடி அலைய வேண்டியிருக்கும். பேருந்தில் அந்தச் சிரமம் இல்லை. சன்னல்களுக்கு இடையே நிற்கும் தூண், தகடுகள் சேரும் இடத்தில் ஓடும் பட்டை, கதவின் விளிம்பு, சன்னலுக்குக் குறுக்கே செல்லும் கம்பி என்று கோடுகள் அனைத்தும் ஏற்கெனவே அதன் உடலில் இருக்கின்றன. பொறியாளர் எதற்காக அங்கே இணைப்பு வைத்தாரோ அதே தேவைக்காகவே நீங்களும் வைப்பீர்கள். பேருந்து, பாலம், மின்கோபுரம் ஆகியவை கண்ணாடிக்கு இவ்வளவு இயல்பாகப் பொருந்துவதற்குக் காரணம் இதுவே என்பது என் முடிவு. ஆகவே ஒருநாள் பேருந்து நிலையத்தில் அமர்ந்து, நிற்கும் ஒரு பேருந்தின் பக்கவாட்டை வெறும் கோடுகளால் மட்டும் வரையுங்கள்.

அடுத்தது, கண்ணாடி எப்படி வெட்டுப்படும் என்பதை அறிந்து அந்தக் கோடுகளைத் திருத்துவது. கண்ணாடியைக் கத்தரிக்கோல் போல அறுப்பதில்லை. மண்ணெண்ணெயில் தோய்த்த சிறு சக்கரக் கட்டரால் மேற்பரப்பில் ஒரு கீறல் போட்டு, அந்தக் கீறலின் வழியே ஒடிக்கிறோம். ஒரே கோட்டில் கட்டரை இரண்டாம் முறை இழுத்தால் ஒடிவு தறிகெட்டு ஓடும், கட்டரும் மழுங்கும். 'ட' என்ற எழுத்தைப் போல உள்மூலை கொண்ட துண்டு கையால் வெட்டினால் அந்த மூலையிலேயே பிளந்துவிடும். இதனால் பேருந்தின் பக்கத்தை ஒரே தகடாக எடுத்துச் சன்னல் இருக்கும் இடத்தில் ஓட்டை போடலாம் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு சன்னல் தூணும் தனித் துண்டு. சன்னலுக்கு மேலே ஒரு நீண்ட பட்டை, கீழே ஒரு நீண்ட பட்டை. சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு ஆழமாக இருந்தால் அதையும் இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சிறிய சிற்பத்துக்கு ஏற்ற முறை செம்பு நாடா முறை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் லூயி கம்ஃபர்ட் டிஃபனியின் பட்டறை விளக்குக் கூடுகளால் அது புகழ்பெற்றது. துண்டின் விளிம்பை ஈரக்கல்லில் தேய்த்து, துடைத்து, பின்புறம் பசையுள்ள மெல்லிய செம்பு நாடாவை விளிம்பின் நடுவே ஒட்டி, இருபுறமும் சமமாக மடித்து அழுத்த வேண்டும். நாடா ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் இருந்தால், பின்னர் துண்டுகளை இணைக்க நாடாவின்மேல் ஈயத்தை உருக்கி ஏற்றும்போது கோடு தடித்தும் மெலிந்தும் தெரியும். ஈயத்தை உருக்கிப் பற்றவைக்க, மின்னணுப் பொருள் பழுதுபார்க்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன் போதாது; செம்பும் கண்ணாடியும் சூட்டை உறிஞ்சிவிடும். 80 அல்லது 100 வாட் வேண்டும்.

இவற்றோடு, தட்டைச் சன்னலுக்கு இல்லாத ஒரு சிக்கல் சிற்பத்துக்கு உண்டு. முன்பக்கக் கண்ணாடியின் வழியே பின்பக்கக் கண்ணாடியும் தெரியும், இரு நிறங்களும் ஒன்றின்மேல் ஒன்று விழும். நீலத்துக்குப் பின்னால் மஞ்சள் வந்தால் பச்சையாகத் தெரியும். சிவப்புக்குப் பின்னால் பச்சை வந்தால் ஏறத்தாழ கருத்துப்போகும். எனவே உடல் பகுதிக்குப் பால்கலந்தாற்போன்ற மங்கலான ஓபல் கண்ணாடியையும், சன்னல்களுக்கு மட்டும் ஊடுருவித் தெரியும் கண்ணாடியையும் எடுப்பது நல்லது. அப்படிச் செய்தால் இந்தப் பக்கத்துச் சன்னலின் வழியே அந்தப் பக்கத்துச் சன்னலும், அதற்கப்பால் உள்ள சுவரும் தெரியும். காலியான பேருந்தை வெளியிலிருந்து பார்க்கும் உணர்வு அப்படியே கிடைக்கும். ஊர்ப்பெயர்ப் பலகையில் எழுத்துகளைக் கண்ணாடியில் வெட்ட முயல வேண்டாம். வெள்ளை ஓபல் துண்டு ஒன்றை வெறுமையாக விட்டுவிடுங்கள். பார்ப்பவர் தத்தம் ஊரை அதில் படித்துக்கொள்வார்.

கேள்வி: தொட்டி உருளை வடிவம், கண்ணாடி தட்டை. சூளையில் வளைக்கும் வசதி இல்லாதவர் என்ன செய்வது?
- வாசகர், தக்கலை

பதில்: வளைக்கத் தேவையே இல்லை. வட்டத்தைப் பன்னிரண்டு பக்கமாக எடுத்துக்கொண்டால் கண் அதை உருளையாகவே ஏற்கும். 30 செ.மீ. விட்டமுள்ள தொட்டிக்கு ஒவ்வொரு பட்டையின் அகலமும் கணக்குப்படி 7.76 செ.மீ. வரும், நாடாவும் ஈயமும் இடம் பிடிக்கும் என்பதால் 7.7 செ.மீ. என்று வெட்டினால் போதும். உயரம் 20 செ.மீ. என்றால், 3 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 7.5 கிலோ எடையுள்ளது என்ற கணக்கில், சுவர் மட்டும் ஏறத்தாழ 1.4 கிலோ ஆகும்.

நாடா சுற்றிய பன்னிரண்டு பட்டைகளையும் மேசைமேல் அடுத்தடுத்து, முகம் மேலே பார்க்க வரிசையாக வைத்து, குறுக்கே இரண்டு மூன்று இடங்களில் ஒட்டுநாடா ஒட்டுங்கள். பிறகு முழுவரிசையையும் தூக்கி, ஒட்டுநாடா வெளிப்புறம் இருக்கும்படி சுருட்டினால் உருளை தானாகவே அமையும். மேலும் கீழும் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பொட்டு ஈயம் வைத்து நிறுத்திவிட்டு, குறுக்களவுகளைச் சரிபாருங்கள். இந்நிலையில் மட்டுமே கோணலைத் திருத்த முடியும். மூட்டுகளை நிரப்பும்போது, நிரப்புகின்ற மூட்டு எப்போதும் கிடைமட்டமாக இருக்கும்படி உருளையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையெனில் உருகிய ஈயம் சரிந்து கீழே கட்டியாகத் தேங்கும்.

தொட்டியின் கால்களைக் கண்ணாடியில் செய்ய ஆசைப்படாதீர்கள். ஈயம் மென்மையான உலோகம். எடை தாங்கத் தகுந்ததன்று. பித்தளைக் குழாயோ கம்பியோ எடுத்து, அதைத் தொட்டியின் அடிவளையத்தோடு பற்றவைத்தால் உறுதியாக நிற்கும். பித்தளையில் ஈயம் நன்றாகப் பிடிக்கும். எவர்சில்வரில் எளிதில் பிடிக்காது.

கேள்வி: ரயில்வேயில் பணியாற்றிய என் தாத்தா வைத்திருந்த கைவிளக்கு ஒன்று வீட்டில் இருக்கிறது. அதன் பச்சைக் கண்ணாடி பகலில் பார்த்தால் நீலமாகத் தெரிகிறது. அந்தக் கண்ணாடிகளைக் கழற்றி ஒரு சிற்பத்தில் சேர்க்கலாமா?
- வாசகர், இரணியல்

பதில்: அருள்கூர்ந்து கழற்ற வேண்டாம். அந்த விளக்கு தன்னளவிலேயே ஒரு கண்ணாடிக் கலைப்பொருள். கண்ணாடி நீலமாகத் தெரிவது பழுதும் அன்று, நிறம் மங்கியதாலும் அன்று. மண்ணெண்ணெய்ச் சுடரின் ஒளி மஞ்சளானது. அது நீலச்சாயல் கொண்ட கண்ணாடியைக் கடந்து வரும்போதுதான் தூரத்தில் நிற்கும் ஓட்டுநருக்குத் தெளிவான பச்சை கிடைக்கும். விளக்கையும் கண்ணாடியையும் சேர்த்தே நிறத்தைத் தீர்மானித்திருக்கிறார்கள். ஒளி எங்கிருந்து, எந்த நிறத்தில் வருகிறது என்று அறியாமல் கண்ணாடியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இந்தக் கலையில் இல்லை.

ரயில் விளக்குகளுக்கும் கண்ணாடி அறிவியலுக்கும் உள்ள உறவு மிகப் பெரியது. ஒவ்வொரு ரயில் நிறுவனமும் தனக்குத் தோன்றிய சிவப்பையும் பச்சையையும் பயன்படுத்திய காலத்தில், அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடித் தொழிற்சாலையில் வில்லியம் சர்ச்சில் என்பவர் நிறங்களை அளந்து வரையறுத்தார். அந்நாட்டு ரயில் சைகைத் துறையினரின் சங்கம் 1908இல் அவற்றை ஏற்றது. அதே தொழிற்சாலைக்கு இன்னொரு தலைவலியும் இருந்தது. சுடரால் சூடேறிய விளக்குக் கூட்டின்மேல் மழையும் பனியும் பட்டதும் கண்ணாடி வெடித்தது. அதைத் தீர்க்க உருவாக்கிய, சூட்டில் அதிகம் விரியாத போரோசிலிகேட் கண்ணாடியின் தொடர்ச்சியாகவே 1915இல் பைரெக்ஸ் சமையல் பாத்திரங்கள் வந்தன.

தாத்தாவின் விளக்கை அப்படியே வைத்து, அதைச் சுற்றி ஒரு சிற்பம் அமைக்கலாம். உள்ளே எல்இடி பொருத்துவதானால் வெள்ளொளி வேண்டாம். கண்ணாடி நீலமாகவே தெரியும். 2700 கெல்வின் என்று அட்டையில் அச்சிட்ட மஞ்சளொளி விளக்கை வையுங்கள், பச்சை திரும்பி வரும்.

கேள்வி: கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் பயன்படுத்தினால் குறைவா?
- வாசகி, கருங்கல்

பதில்: குறைவில்லை, வேறு பொருள். எடை கண்ணாடியில் பாதிக்கும் குறைவு. உடைந்தாலும் கூர்ச்சில்லாகச் சிதறாது. ஆனால் துடைக்கத் துடைக்கக் கீறல் விழும். சாயத்தின் தரத்தைப் பொறுத்து வெயிலில் நிறம் வெளுக்கலாம். அக்ரிலிக்கில் ஈயம் பற்றவைக்க முடியாது என்பதால் திருகாணியும் சட்டமும் வேண்டும்.

கேள்வி: எங்கள் கடற்கரை ஊரின் பேருந்து நிறுத்தத்தில் வண்ணக் கண்ணாடி அமைக்க இளைஞர்கள் விரும்புகிறோம். உப்புக்காற்றுக்கு நிற்குமா?
- வாசகர்கள், குளச்சல்

பதில்: உப்பு கண்ணாடியைப் பெரிதாகத் தொடாது, ஈயமும் மேலே ஒரு சாம்பல்நிறப் படலம் படிந்து அதோடு நின்றுகொள்ளும். துருப்பிடிப்பது இரும்புச் சட்டம். ஆனால் உங்கள் ஊரில் உப்பைவிடக் காற்றைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுகிறேன். மணிக்கு 100 கி.மீ. வேகக் காற்று, நேரெதிரே நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பை ஏறத்தாழ 47 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். 2017இல் ஒக்கிப் புயலைப் பார்த்த மாவட்டம் நமது. செம்பு நாடாவும் ஈயமும் மட்டும் கொண்ட பலகையை அங்கே திறந்தவெளியில் நிறுத்துவது மக்களுக்கு ஆபத்து என்றே சொல்வேன்.

பொது இடத்துக்குரிய முறை வேறு. கடினமாக்கிய கண்ணாடியை, அதாவது டஃபன்டு கண்ணாடியை, ஒருமுறை கடினமாக்கிய பின் வெட்டவோ துளையிடவோ முடியாது. ஆகவே வண்ணத் துண்டுகளாலான பலகையை, அளவெடுத்துச் செய்த இரண்டு டஃபன்டு தகடுகளுக்கு நடுவே காப்பாக வைக்கிறார்கள். அந்தத் தகடுகளும் உள்ளே பிசின் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் வகையாக இருந்தால், உடைந்தாலும் சில்லுகள் படலத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் இடையே 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலத்தில் கடலின்மேல் அச்சமின்றி நடந்தவர்களுக்கு, கண்ணாடியை முறையாக அடுக்கினால் எவ்வளவு தாங்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே ரப்பர் அல்லது சிலிக்கான் இடைவெளி கட்டாயம். வெப்பம் 30 பாகை ஏறினால் ஒரு மீட்டர் கண்ணாடி 0.27 மி.மீ. விரியும், அலுமினியமோ 0.69 மி.மீ. விரியும். இறுக்கிப் பொருத்திய பலகை நண்பகலில் தானாகவே விரிசல் விடுவதற்கு இந்த வேறுபாடே போதும். உள்ளாட்சியின் அனுமதியும், ஒரு கட்டுமானப் பொறியாளரின் கையொப்பமும் பெற்ற பிறகே பணத்தைத் திரட்டத் தொடங்குங்கள்.

கேள்வி: பன்னிரண்டு வயது மகன் இதைக் கற்க வேண்டும் என்கிறான். ஈயம் நஞ்சு என்கிறார்களே?
- ஒரு தாய், குழித்துறை

பதில்: உண்மைதான், அம்மா. ஈயம் சிறுவர்களின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இதில் சமரசம் கூடாது. சால்டரிங் சூட்டில் ஈயம் ஆவியாவது மிகச் சொற்பம். கையில் ஒட்டிய துகள் வாய்க்குள் போவதே முதன்மையான வழி. கிளம்பும் புகை பெரும்பாலும், ஈயம் நன்றாகப் பிடிப்பதற்காக உலோகத்தில் தடவும் ஃபிளக்ஸின் புகை. அது கண்ணையும் மூச்சையும் உறுத்தும். உங்கள் மகன் வரைதல், வடிவம் வெட்டி ஒட்டுதல், கண்ணாடித் தாளில் நிறச்சோதனை ஆகியவற்றை இப்போதே தொடங்கட்டும். பற்றவைப்பைப் பெரியவர் ஒருவர், ஈயம் கலக்காத வெள்ளீயக் கம்பியைக் கொண்டு, காற்றோட்டமான இடத்தில் செய்து தரலாம். அது ஏறத்தாழ 220 முதல் 230 பாகையில் உருகும், சற்றுப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். அடுக்களை மேசையில் இந்த வேலை கூடவே கூடாது.

கேள்வி: நம் மாவட்டத்தில் கண்ணாடிச் சிற்பத்துக்கு ஏற்றது எது என்று கேட்டால் எதைச் சொல்வீர்கள்?
- வாசகி, திருவட்டாறு

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் மாத்தூர் தொட்டிப்பாலத்தைத்தான் சொல்வேன். மார்த்தாண்டத்து இரும்பு மேம்பாலமும், முப்பந்தல் காற்றாலைகளும் எனக்குப் பிடித்தவையே. ஆயினும் பறளியாற்றுக்கு மேலே 28 தூண்களில், 115 அடி உயரத்தில், ஒரு மலையிலிருந்து மறுமலைக்குப் பாசனநீரைச் சுமந்து செல்லும் அந்தக் கட்டுமானத்துக்குக் கண்ணாடியால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு நியாயம் இருக்கிறது. கீழே ஆற்றங்கரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குத் தூண்களும் தொட்டியின் அடிப்பாகமும் தெரியுமே தவிர, அத்தனையும் எதற்காகக் கட்டப்பட்டதோ அந்தத் தண்ணீர் தெரியாது. கண்ணாடியில் தொட்டியின் பக்கச்சுவரை நிறமற்றதாக வைத்தால் அந்தத் தண்ணீரைக் காட்டிவிடலாம்.

முழுப்பாலத்தையும் செய்ய வேண்டியதில்லை. மூன்று தூண்களும் அவற்றுக்கு மேலுள்ள தொட்டியும் போதும். தூண்களுக்குச் சாம்பல்நிற ஓபல் கண்ணாடியை எடுத்து, ஒவ்வொன்றின் உள்ளேயும் பித்தளைக் கம்பி ஓடவிட்டு எடையை அதன்மேல் ஏற்றுங்கள். தொட்டிக்குள் கிடைமட்டமாக வைக்கும் நீரின் பட்டைக்கு அடர்நீலம் வேண்டாம். மலைக்காட்டிலிருந்து வரும் தண்ணீர் அது, இளம்பச்சை கலந்த நீலமே பொருந்தும். சற்று அலையோடிய கண்ணாடி கிடைத்தால் இன்னும் நல்லது. வெளிச்சத்தை முன்னாலிருந்து பாய்ச்சினால் எல்லாத் துண்டும் மங்கிப்போகும் என்பதால், சிற்பத்தைக் கிழக்கு அல்லது மேற்குச் சன்னலுக்கு முன்னே வைத்துப் பாருங்கள். அதற்கு இடமில்லையெனில், தொட்டியின் ஒரு முனையில் சிறிய எல்இடி பட்டையைப் பொருத்தி ஒளியை நீளவாட்டில் செலுத்தினால், தூண்கள் இருண்டு நீர்ப்பட்டை மட்டும் துலங்கும்.